சாம்பிள் காட்டுங்க, பிடிச்சா பார்க்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மயூர் விஹாரிலிருந்து ஒரு போன். நம்ம ஊர்க்காரர்கள் நடத்தும் ஒரு சங்கத்தின் செயலாளர்.

"தம்பி, சங்கத்துக்குப் புதுசா ஒரு லோகோ போடணும். போட்டி வெச்சிருக்கோம். ஜெயிக்கிறவங்களுக்கு ஐயாயிரம், ஆண்டு விழா மேடையில பொன்னாடை. நீங்க கண்டிப்பா ரெண்டு டிசைனாவது அனுப்பணும்."

"அண்ணாச்சி, போட்டிக்கு நான் அனுப்பறதில்லை. வேலையா குடுங்க, செஞ்சு தர்றேன்."

லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டில்லிக்கு வந்து ரொம்ப மாறிட்டீங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாறித்தான் விட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் புலம்பல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "பையன் நல்லா வரையறான், டிசைன் படிக்கணும்ங்கறான், அதுல சோறு கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்கும் டில்லி, மும்பை, துபாய் வீட்டுப் பெற்றோர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். நான் டில்லிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நொய்டாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டுத் தனிக்கடை போட்டேன். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முனிர்க்காவில் வாடகை வீட்டின் இரண்டாவது பெட்ரூம், ஒரு பெரிய மானிட்டர், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர், அரை நாள் வந்து போகும் ஒரு பையன். லோகோ, மிட்டாய் டப்பா, மெனு கார்டு, கடை போர்டு, எல்லாம் செய்வோம். 'பிராண்டிங்' என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, "கடைக்கு மூஞ்சி வரையற வேலைம்மா" என்றேன். "அதுக்கா இவ்வளவு படிச்ச?" என்றாள்.

இந்தத் தொழிலில் டில்லியில் அதிகம் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "பெஹலே ஏக் சாம்பிள் திகா தீஜியே, பசந்த் ஆயா தோ தேக்தே ஹைன்." முதலில் ஒரு சாம்பிள் காட்டுங்க, பிடிச்சா பார்க்கலாம். கரோல் பாக் துணிக்கடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், குர்காவ் கண்ணாடி மாளிகையிலும் கேட்டிருக்கிறேன். அங்கே அதற்குப் பெயர் 'பிட்ச்'. ஏசி காற்றும் ஒரு கப் காபியும் கூடுதலாகக் கிடைக்கும்.

சாம்பிள் கேட்பது தப்பா என்று கேட்பீர்கள். எங்க ஊரிலேயே சாம்பிளில்தான் வியாபாரம். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். முருகன் படம் பிடித்திருந்தால் மளிகைக்கடைக்காரர் ஐநூறு காலண்டர் சொல்லுவார், அதே முருகனை அடுத்த தெரு நகைக்கடையும் வாங்கும். அந்த ஒரு சாம்பிளின் செலவை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நான் கரோல் பாக் கடைக்கு வரைந்த லோகோவை வேறு யாருக்கு விற்பேன்? அது அவருக்காக, அவர் பெயரை வைத்து வரைந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னால் அது குப்பை. அதாவது அது சாம்பிள் இல்லை, முழு வேலை. தையல்காரரிடம், "என் அளவுக்கு ஒரு சட்டை தைத்துக் காட்டுங்க, பிடிச்சா துணிக்காசு தர்றேன்" என்று யாராவது கேட்போமா?

மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அச்சகங்கள் (எங்க அப்பா வேலை பார்த்தது உட்பட) காலகாலமாக டிசைனுக்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. சாவ்டி பஜாரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போங்கள், டிசைன் ஃப்ரீ என்பார்கள். ஃப்ரீ எல்லாம் இல்லை, பேப்பர் விலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஒளித்து வைத்தே பழக்கிவிட்டோம். இப்போது அச்சடிக்காமல் டிசைனை மட்டும் விற்கிறவன் பில் நீட்டினால், எதற்கு என்று முழிக்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். தனிக்கடை போட்ட முதல் வருடம். தெற்கு டில்லியில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மூன்று சாம்பிள் செய்தேன். இருபது நாள் வேலை. "அச்சா ஹை, பதாத்தே ஹைன்" என்றார்கள். சொல்லவே இல்லை. அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு நண்பர் வீட்டுக்குப் போனால், மேஜைமேல் சோன்பப்டி டப்பா. அதன்மேல் என் எழுத்து. நான் வளைத்து வளைத்து வரைந்த அதே 'ம', அதே மஞ்சள். கலரைக்கூட மாற்றவில்லை மகராசன்! நேரில் போய்க் கேட்டேன். கடை முதலாளி கோபப்படவே இல்லை. "அரே பாய், நீங்கதானே காட்டினீங்க?" என்றார். கடைசியில் நாலாயிரம் ரூபாயும் ஒரு சோன்பப்டி டப்பாவும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டு வாடகைக்கு நாலு நாள் பாக்கி இருந்தது. அந்த டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. 1957ஆம் வருட காப்புரிமைச் சட்டப்படி, வேலைக்காரனாக இல்லாமல் வெளியாளாக வரைந்து கொடுத்தவனுக்கே பொதுவாக அந்த லோகோவின் உரிமை. எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குப் போகும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். ஆனால் நாலாயிரம் ரூபாய்க்கு எந்த வக்கீலைப் பிடிப்பது?

இந்தக் கதையைச் சொன்னால் உடனே யாராவது உதயகுமாரை இழுப்பார்கள். "நம்ம தமிழ்ப் பையன் போட்டியில ஜெயிச்சுத்தானே ரூபாய்க்கே குறி போட்டான்?" போட்டார், எனக்கும் பெருமைதான். தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கோடு. இத்தனை எளிமையாக வருவதற்கு எவ்வளவு அடித்துத் திருத்த வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஆனால் போட்டியின் கணக்கைப் பாருங்கள். 2009இல் நிதி அமைச்சகம் அறிவித்தது. வந்து குவிந்த டிசைன்கள் 3,000க்கு மேல். அனுப்புகிறவர்தான் 500 ரூபாய் டிராஃப்ட் எடுத்து வைக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேருக்குத் தலா 25,000, ஜெயித்தவருக்கு இரண்டரை லட்சம், உரிமை முழுவதும் அரசுக்கு. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒரு டிசைனுக்குப் பத்து மணி நேரம் என்று குறைத்து வைத்தாலும் 30,000 மணி நேர உழைப்பு. ஐந்து பேர் தவிர மற்றவர்களுக்கெல்லாம் கைக்காசு நஷ்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உதயகுமார் அப்போது ஐஐடி மும்பையில் தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர். குறி தேர்வான கையோடு ஐஐடி குவாஹாத்தியில் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். அவர் போட்டியை நம்பி அடுப்பு மூட்டியவர் இல்லை. வேறு வருமானம் இருப்பவர்தான் போட்டிக்குப் போக முடியும். முனிர்க்காவில் வாடகை கட்டுகிறவனுக்கு அது லாட்டரிச் சீட்டு. (2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட் லோகோவில் ₹ போய் 'ரூ' வந்தபோது, "என்ன சொல்றீங்க?" என்று எனக்கு வந்த மெசேஜ்கள் கணக்கில்லை. ஒரு எழுத்துக்கு இத்தனை பேர் சண்டை போடுவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

2014இல் நடந்தது இன்னும் வேடிக்கை. தூய்மை இந்தியா திட்டத்துக்குக் காந்தி கண்ணாடி லோகோ, போட்டி வைத்து எடுத்தது. கோலாப்பூர்காரர் ஒருவருக்கு 50,000 ரூபாய் பரிசு. அதே வருடம் வந்த 'மேக் இன் இந்தியா' சிங்கமோ, வீடன் + கென்னடி என்ற விளம்பர நிறுவனத்தின் இந்தியக் கிளை, வேலையாக எடுத்துச் செய்தது. ஒரே அரசு, ஒரே வருடம். பெரிய கம்பெனி என்றால் ஆர்டர், தனி ஆள் என்றால் போட்டி. நம் சங்கமும் அந்த வழியில்தான் போகிறது. சமையல்காரரைப் போட்டி வைத்தா பிடிக்கிறோம்? பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோமே!

நியாயமாக என்னையும் சொல்ல வேண்டும். என்னுடைய மிக நல்ல வாடிக்கையாளர், ஓக்லாவில் மசாலாப் பொடி பேக் செய்யும் ஒரு அம்மா, ஓசி சாம்பிள் பார்த்துத்தான் வந்தார். ஒன்பது வருடமாக மாதம் தவறாமல் வேலை தருகிறார். அதனால் சாம்பிள் கொடுத்தால் எதுவும் கிடைக்காது என்று சொன்னால் பொய். அந்த முதல் இரண்டு வருடத்தில் முப்பதுக்கு மேல் ஓசி சாம்பிள் செய்தேன், அதில் வந்தவர் அவர் ஒருவர். மற்ற இரவுகளில் என் பெண் தூங்கிய பிறகு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன்.

இப்போது செய்வது இதுதான். பழைய வேலைகளைக் காட்டுவேன், அதுதான் என் ஆல்பம். கடைக்கு நேரில் போய் இரண்டு மணி நேரம் பேசுவேன், அதற்குக் காசு இல்லை. அதற்குப் பிறகு பென்சில் எடுக்க வேண்டுமானால் பாதி அட்வான்ஸ். ஒரு பக்கத்தில் ஒப்பந்தம்: எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி, முழுப் பணம் வந்த பிறகுதான் உரிமை மாறும். பில்லின் அடியில் உத்யம் பதிவு எண்ணும், 2006ஆம் வருட சிறுதொழில் சட்டம் பற்றி ஒரு வரியும். அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது, போடாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, கெடுவுக்குள் தராத தொகையை, தந்த வருடத்தில்தான் அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். வழக்கு என்று நான் போனதில்லை. ஆனால் "ஹோ ஜாயேகா" என்று இழுத்துக்கொண்டிருந்த அக்கவுண்டன்ட்கள், மார்ச் மாதம் வந்தால் அவர்களே போன் செய்கிறார்கள்! இத்தனையும் பில் போட்ட வேலைக்குத்தான். ஓசி சாம்பிளுக்கு ஏது பில்? சட்டம் வந்து நிற்கவும் இடம் இல்லை.

அட்வான்ஸ் என்றதும் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. முதலில் வயிற்றைக் கலக்கியது. இப்போது அந்தப் பாதிப் பேர் போனில் ஏதோ ஆப்பில் பத்து லோகோ தட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இதைக் கொஞ்சம் சரி பண்ணுங்க" என்கிறார்கள். வரட்டும், அதற்கும் ரேட் வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சிக்குப் புதன்கிழமை நானே போன் செய்தேன். "சங்கத்துல பணம் இல்லைன்னா சொல்லுங்க, நம்ம சங்கம், சும்மாவே செஞ்சு தர்றேன். கோயில் பங்குனி உத்திர நோட்டீஸ் வருஷா வருஷம் அப்படித்தானே செய்யறேன். ஆனா போட்டியை நிறுத்திட்டு, நான்தான் செய்யறேன்னு சொல்லுங்க. கமிட்டியோட உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் பேசணும்" என்றேன்.

"அதுக்கில்ல தம்பி. ஏற்கெனவே எட்டு என்ட்ரி வந்துருச்சு. அதுல அஞ்சு பேர் நம்ம பிள்ளைங்க, காலேஜ் படிக்கிறவங்க. ராத்திரி முழிச்சு வரைஞ்சிருக்காங்க. இப்ப நிறுத்தினா அதுங்க முகம் வாடிடாதா?"

அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் கொடுத்துவிடுங்கள், பரிசுப் பணம் ஐயாயிரம் இருக்கிறதே, என்றேன். கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.