ஆயிரத்தில் எட்டு!

பிணந்தின்னிக் கழுகைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். மொட்டைக் கழுத்து, வளைந்த மூக்கு, செத்ததைத் தின்னும் பிழைப்பு! ஆனால், சம்பளம் வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை அது. கூட்டமாக இறங்கினால், செத்த மாடு ஒன்றை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும்.

ஒரு காலத்தில் இந்தியாவில் இவை கோடிக்கணக்கில் இருந்தன. 1990-களில் மளமளவென்று மடிந்தன. வெண்முதுகுக் கழுகு என்ற இனத்தில், 1992-ல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிச்சம்!

கொன்றது யார்? 2004-ல் குட்டு வெளிப்பட்டது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் "டைக்குளோஃபெனாக்" என்ற மருந்துதான் அது. ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால், மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். சில நாளில் சாவு!

"எல்லா மாட்டுக்குமா இந்த ஊசி போடுகிறார்கள்? ஏதோ சில மாடுகளால் கோடிக் கழுகு சாகுமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் சொன்னது கணக்கு!

நாமும் போட்டுப் பார்ப்போம். ஒரு கழுகு மூன்று நாளைக்கு ஒரு முறை வயிறாரத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 120 சாப்பாடு. செத்த மாடு 1,000-ல் 5-ல் மட்டும் விஷம். ஒரு வேளை தப்புவது எளிது. 120 வேளையும் தப்ப வேண்டுமே! ஆண்டு முடிவில் 100 கழுகில் 55 தான் மிஞ்சும். அடுத்த ஆண்டு 30. அதற்கடுத்த ஆண்டு 16!

பிறப்பு இதை ஈடு செய்யாதா? செய்யாது. கழுகு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து குடும்பம் நடத்த ஐந்து ஆண்டு ஆகும்.

விஞ்ஞானிகள் 2004-ல் இதையே நுணுக்கமாகக் கணக்கிட்டார்கள். ஆயிரத்தில் எட்டுக்கும் குறைவான பிணங்களில் விஷம் இருந்தாலே இந்த அழிவு நேரும் என்று விடை வந்தது. பிறகு, செத்த மாடுகளின் ஈரலை எடுத்துச் சோதித்தார்கள். பத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தது! எல்லாமே கொல்லும் அளவில் இல்லை. ஆனால் எட்டே போதும் என்கிறபோது, நூறு எங்கே!

கதை கழுகோடு முடியவில்லை. கழுகு போன இடத்துக்கு நாய் வந்தது. தின்னக் கிடைத்ததால் தெருநாய் பெருகியது. வெறிநாய்க் கடியும் பெருகியது. அழுகிய பிணம் தண்ணீரைக் கெடுத்தது. கழுகு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் அவ்வளவாக வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2024-ல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரை, கழுகு இல்லாததால் கூடுதலாக இறந்த மனிதர் சுமார் 5 லட்சம்!

பறவைக்கு வந்த சாவு மனிதனுக்கும் வந்தது. பார்த்தீர்களா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2006-ல் கால்நடைக்கு இந்த மருந்து கூடாது என்று தடுத்தது. ஆனால், மனிதருக்கான பெரிய புட்டி மாட்டுக்குப் போனது. 2015-ல் அந்தப் புட்டியையும் நிறுத்தியது. அதே கெடுதல் செய்யும் வேறு இரண்டு மருந்துகளை 2023-ல் தடுத்தது.

சட்டம் இருந்தால் போதுமா? ஆயிரத்தில் எட்டு என்ற கணக்கை மறக்கக்கூடாது. ஆயிரம் பேரில் 990 பேர் சட்டப்படி நடந்து, பத்துப் பேர் மீறினாலும் கழுகு பிழைக்காது. ஆகவே, "பெரும்பாலோர் ஒழுங்காக இருக்கிறார்கள்" என்று அதிகாரிகள் திருப்தி அடைந்துவிடக் கூடாது. மருந்துக் கடைகளை இடைவிடாமல் சோதிக்க வேண்டும்.

மாடு வளர்ப்போருக்கு இதனால் நஷ்டம் இல்லை. "மெலாக்சிகாம்" என்ற மருந்து மாட்டின் வலியைத் தீர்க்கும், கழுகைக் கொல்லாது. மாட்டு டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கான ஊசியை மாட்டுக்குப் போடாதீர்கள்.

நம் நாட்டில் முதுமலைக் காட்டிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் இன்னும் கொஞ்சம் கழுகுகள் வட்டமிடுகின்றன. அவை பிழைப்பது நம் கையில் உள்ள ஊசியில் இருக்கிறது!