ஒட்டும் முன்பே பூசுங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் மரத்தாலான மாதிரி வீட்டுப் பெட்டிகள் நம் வீடுகளுக்குள் நுழைந்துவிடும். துண்டுகளைக் கழற்றி, கோத்து, வெள்ளைப் பசையால் ஒட்டினால் இரண்டு நாளில் வீடு எழும்பிவிடும். அது நிலைத்து நிற்பதுதான் சிரமம்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பூசாத மரம் அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பும், பூஞ்சையும் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மெல்லிய பலகை வளைந்துவிடும். ஆகவே உள்பக்கத்துக்கும் பூச்சு கட்டாயம்.

நான் செய்யும் முறை இது. முதலில் 240 எண் உப்புத்தாளால் தேய்ப்பேன். லேசர் வெட்டில் கருகிய ஓரங்களில் கரி போகும்வரை தேய்க்க வேண்டும். இல்லையென்றால் வெளிர் நிறங்கள் அழுக்காகும். பசை படவேண்டிய இடங்களை ஒட்டுநாடாவால் மறைப்பேன். வெள்ளைப் பசை மரத்தில் ஊறித்தான் பிடிக்கும்; சீலர்மேல் சரியாக ஒட்டாது. பிறகு தண்ணீரில் கரையும் சீலர், மெல்லிய ஒரு பூச்சு. காய்ந்ததும் மரநார் சிலிர்த்து நிற்கும். 400 எண் தாளால் லேசாகத் தடவி, இன்னொரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் சாயம் இரண்டு முறை. ஒட்டி முடித்தபின் பளபளப்பில்லாத வார்னிஷ்.

தின்னர் கலந்த லாக்கர் சீக்கிரம் காயும் என்பார்கள். மழை நாளில் அடித்தால் அதில் வெள்ளைப் படலம் படரும். அதன் நெடி வீவக வீட்டின் மூடிய அறைக்கும் பிள்ளைகளுக்கும் ஆகாது.

சென்ற ஆண்டு ஒரு கடைவீட்டு மாதிரியை என் மாமனாரோடு சேர்ந்து செய்தேன். அவர் இளவயதில் தங்கி வேலை பார்த்த கடைவீடு இடிக்கப்பட்டு வெகுகாலமாயிற்று. பெட்டிமேல் இருந்த படத்தில் சன்னல் கதவுகள் நீலம். “எங்க கடையில பச்சைதாம்மா” என்றார். அவருக்குக் கை நடுங்கும். சுவரில் ஒட்டியபின் என்றால் தூரிகை பிடித்திருக்கவே முடியாது. துண்டுகள் மேசைமேல் தட்டையாகக் கிடந்ததால் எட்டுச் சன்னலையும் அவரே பூசினார். ஐந்தடி நடைபாதைத் தூணின் அடியில் கொஞ்சம் பழுப்பும் தடவினார். மூட்டை உரசிய கறையாம்.

அந்தக் கடையின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பேரப்பிள்ளைகள் பார்க்க இது ஒன்றுதான்.

நீங்களும் சாயம் வாங்கும் முன், என்ன நிறமென்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். செய்து முடித்ததை அடுப்படி ஆவியும் நேர் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள்.