குழி மறுத்த பாதிரியாரும் சிகாகோ செக்கர்களும்

கடவுளும் மதமும் இல்லையென்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, நாளைக்கு நீங்கள் செத்தால் பிணத்தை எடுத்து அடக்கம் செய்ய எவன் வருவான் என்று நம்மைக் கேட்கின்ற பெரிய மனிதர்கள் எந்த ஊரிலும் இருக்கின்றார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பகுத்தறிவுக்காரனுடைய வாய் அடைத்துப்போகும் என்பது அவர்களுடைய எண்ணம். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், நிலத்தை வாங்கி வேலி போட்டுப் பதில் சொன்ன ஒரு கூட்டத்தாரைப் பற்றி இங்கு எழுதுகின்றோம். அவர்கள் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் குடியேறிய செக்கர்கள். அந்நாளில் அவர்களைப் பொஹீமியர் என்றும் சொல்வார்கள்.

செக்கர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் உள்ள வழக்கு அமெரிக்காவில் ஆரம்பித்ததல்ல. அவர்களுடைய ஜான் ஹஸ் என்பவரைக் கத்தோலிக்கச் சபை 1415-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி கான்ஸ்டன்ஸ் நகரத்தில் உயிரோடு கொளுத்திற்று. அவருடைய கொள்கையைப் பின்பற்றியவர்கள் 1620-ல் வெள்ளைமலைச் சண்டையில் தோற்றார்கள். அடுத்த வருஷம் பிராக் நகரத்துச் சதுக்கத்தில் 27 தலைவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகு, கத்தோலிக்கனாக மாறு, இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ என்று ஹாப்ஸ்பர்க் அரசர்கள் உத்தரவு போட்டார்கள். ஆகவே செக் குடியானவன் கோவிலுக்குப் போனான் என்றால் பக்தியினால் போனான் என்பதைவிட, அரசனுடைய ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காகப் போனான் என்றுதான் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவன், போனாயா போகவில்லையா என்று கேட்க அதிகாரி இல்லாத அமெரிக்காவில் இறங்கியவுடன் என்ன செய்வான்? அங்கே சென்ற செக்கர்களில் சுமார் பாதிப்பேர் கத்தோலிக்கக் கோவிலை விட்டே விலகிவிட்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகின்றார்கள். வேறெந்த தேசத்திலிருந்து வந்த குடியேறிகளிடத்திலும் இவ்வளவு பெரிய விலகல் நடந்ததில்லை.

சிகாகோவில் அவர்கள் முதலில் கூடி வாழ்ந்த பேட்டைக்குப் பிராக் என்றே பெயர். டிகோவன் தெருப் பக்கம் 1863-ல் செயிண்ட் வென்செஸ்லாஸ் என்ற கோவிலை அவர்களிலே கத்தோலிக்கர்களாக இருந்தவர்கள் கட்டினார்கள். 1871-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி சிகாகோவை எரித்த பெருந்தீ பிறந்ததும் இதே டிகோவன் தெருவில் ஒரு மாட்டுக்கொட்டகையில்தான். நகரத்தின் நடுப்பாகமெல்லாம் சாம்பலாயிற்று. கொட்டகைக்காரனுடைய வீடு மாத்திரம் தப்பிற்று. காற்று வடகிழக்கே அடித்தது, அவ்வளவுதான் சங்கதி.

அதற்குப் பின் செக்கர்கள் தென்மேற்கே நகர்ந்தார்கள். அங்கே மனை மலிவு, ஆற்றங்கரையில் மரத்தொட்டிகள், அறுவடை யந்திரம் செய்யும் மக்கார்மிக் தொழிற்சாலை ஒரு பக்கம். அங்கே ஒருவர் பிள்ஸன் நகரத்தின் பெயரில் ஒரு சாராயக்கடை வைத்தார். கடையின் பெயரே பேட்டைக்கும் பெயராகிவிட்டது. (கோவிலின் பெயரால் ஊர் அழைக்கப்படுவதைத்தான் நாம் பார்த்திருக்கின்றோம்.) 1877-ம் வருஷத்து ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஜூலை 26-ந் தேதி ஹால்ஸ்டெட் தெருப் பாலத்தண்டை போலீசாரும் பட்டாளத்தாரும் சுட்டபோது எதிரே நின்ற கூட்டத்தில் இந்தப் பிள்ஸன் மரத்தொட்டிக் கூலிகள் ஏராளம். 1886-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி மக்கார்மிக் ஆலைப் பக்கத்தில் நடந்த சண்டைக்குச் சற்று முன் கூடியிருந்த கூட்டமும் மரத்தொட்டித் தொழிலாளர் கூட்டமே. அதிலும் செக்கர்கள் பெருவாரி. மறுநாள்தான் ஹேமார்க்கெட் சம்பவம்.

நிற்க, விஷயத்துக்கு வருவோம். 1870-ல் சிகாகோ செக்கர்கள் சுதந்திர சிந்தனையாளர் சபை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் பிரசங்கியாக வந்து சேர்ந்தவர் பிரான்டிஷெக் ஸ்ட்ரூபெக் என்பவர். இவர் கத்தோலிக்கப் பாதிரியாவதற்குப் படித்தவர்; அதை விட்டுப் புராட்டஸ்டண்டு வேதசாஸ்திரம் படித்தவர்; இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தவர். 1875-ல் ஆகஸ்ட் கெரிங்கர் என்பவர் ஆரம்பித்த ‘ஸ்வோர்னோஸ்ட்’ என்னும் தினசரிக்கு இவரே ஆசிரியரானார். அமெரிக்காவுக்குச் சென்ற செக் பகுத்தறிவுவாதிகளில் மற்றொருவர் கிளாட்ஸெல். அவரோ பிர்னோ நகரத்து மடத்தில் சன்னியாசியாக இருந்தவர். பட்டாணிச் செடிகளைக் கொண்டு பரம்பரை விதியைக் கண்டுபிடித்த மெண்டலோடு ஒரே மடத்தில் இருந்தவர். மடத்தை விட்டு 1869-ல் அமெரிக்கா சென்று பத்திரிகை நடத்தினார். பாதிரிகளைப் பற்றி எழுதுவதற்கு இவர்களைவிட யோக்கியதை யாருக்கு உண்டு?

இந்த நிலைமையில்தான் அந்தப் பிணத்தின் சங்கதி வந்தது. ஒரு செக் ஸ்திரீ இறந்து போனாள். அவளைக் கத்தோலிக்க இடுகாட்டில் புதைக்கக் கேட்டபோது, சாகுமுன் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்று காரணம் சொல்லி, செயிண்ட் வென்செஸ்லாஸ் கோவில் பாதிரியார் குழி கொடுக்க மறுத்துவிட்டார். செத்தவள் வாய் திறந்து என்ன பாவம் செய்தேன் என்று சொல்ல முடியாது. உயிரோடிருப்பவர்களோ பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. பாதிரியாருடைய பலம் முழுவதும் இந்த இரண்டு முடியாதவைகளுக்கு நடுவில்தான் இருக்கின்றது. உயிரோடிருக்கும்போது கோவில் வாசலை மிதிக்காதவனும் சாகும் வேளையில் அவருடைய காலில் விழுவது இதனால்தான். சாவுக்குப் பின் வரும் நரகத்துக்குப் பயந்தவர்களைவிட, சாவன்று பிணம் கிடந்துவிடுமே என்று பயந்தவர்கள்தான் அதிகம்.

சிகாகோ செக்கர்கள் இதற்கு மேற்றிராணியாரிடம் மனுப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவர்களுடைய சங்கங்கள் பலவும் பிரதிநிதிகளை அனுப்பிக் கூடிப் பேசின. 1877-லேயே ஊருக்கு வெளியே நிலம் வாங்கி ‘பொஹீமியர் தேசீய இடுகாடு’ என்பதை ஏற்படுத்தின. அது பிள்ஸனிலிருந்து வடமேற்கே 10 மைலுக்குக் குறையாது. அன்று குதிரை வண்டியில் அவ்வளவு தூரம் பிணம் கொண்டுபோக ஒரு நாள் வேலை கெட்டுவிடும். தினக்கூலிக்காரன் ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று போனான் என்றால் அவனுக்கு இருந்த ரோஷத்தை நாம் கவனிக்க வேண்டும். இன்றைக்கு அந்த இடுகாடு 100 ஏக்கருக்கு மேற்பட்டது. 1919-ல் அங்கே பிணம் எரிக்கும் சாலையும் கட்டினார்கள். பிணத்தை எரிப்பது கத்தோலிக்கனுக்குத் தகாது என்று 1886-ல் போப்பாண்டவர் சபை விதித்த தடை 1963 வரை நீங்கவில்லை. ஆகவே 1919-ல் அந்தப் புகைபோக்கியைக் கட்டினதே ஒரு பிரசாரமாகும். உள்ளே சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட மாடங்கள். ஒவ்வொன்றிலும் சாம்பல் கலசமும், செத்தவருடைய போட்டோவும்.

இடுகாடு மாத்திரம் இருந்து என்ன பயன்? செத்தவனுடைய பெண்சாதி பிள்ளைகள் மறுநாள் என்ன சாப்பிடுவது? இதற்கும் அவர்கள் ஏற்பாடு வைத்திருந்தார்கள். செக் ஸ்லாவிய பரஸ்பர சகாய சங்கம் என்பது 1854-ல் செயிண்ட் லூயி நகரத்தில் ஏற்பட்டுச் சிகாகோவிலும் கிளைகள் விட்டது. அங்கத்தினர் ஒருவர் செத்தால் மற்றவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். பெண்கள் 1870-ல் கிளீவ்லண்டில் தங்களுக்கென்றே ஒரு சகாய சங்கம் கண்டார்கள். அந்தக் காலத்திலே பெண்களே தங்கள் பணத்தைத் தாங்களே வைத்து நடத்தினார்கள் என்பதைப் பெண்களுக்குக் கணக்கு வராது என்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தேகப்பயிற்சிக்கு ‘ஸொக்கோல்’ சங்கங்கள். பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுச் சனி ஞாயிறுகளில் தங்களுடைய சுதந்திரப் பள்ளிக்கூடத்தில் செக் பாஷையும், ஹஸ் சரித்திரமும், கடவுளைக் கூப்பிடாத நீதிபோதனையும் சொல்லிக்கொடுத்தார்கள். சாவு வீட்டில் பாதிரியாருக்குப் பதிலாக ஸ்ட்ரூபெக் போன்ற பிரசங்கிகள் வந்து, இறந்தவர் எப்படி வாழ்ந்தார், எந்த ஆலையில் உழைத்தார், யாருக்கு உதவினார் என்று பேசுவார்கள்.

ஆனால் குறையையும் சொல்லிவிட வேண்டும். பாதிரியாருடைய அங்கியைக் கழற்றி எறிந்தவர்கள் சங்கத்துப் பட்டையையும், பதக்கத்தையும், கொடியையும், பாண்டு வாத்தியத்தையும் மாட்டிக்கொண்டார்கள். பிணத்துக்கு முன்னால் தூபம் போவதற்குப் பதில் கொம்பு போயிற்று. இதுவும் சடங்குதானே என்று கேட்டால் சடங்குதான். பரலோகத்துக்குச் சீட்டு விற்காத சடங்கு என்ற அளவில் இதற்கு மன்னிப்பு உண்டு. மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை சாராயக்கடையை மூடச் சொன்ன சட்டத்தை எதிர்த்து அவர்கள் செய்த கிளர்ச்சி. ஞாயிறு பரிசுத்த நாள் என்ற காரணத்தை மறுத்தது நியாயம். கடையின்மேல் இருந்த ஆசைக்கும் அதில் பங்குண்டு என்பதை அவர்களே மறுக்கமாட்டார்கள்.

இவைகளையெல்லாம் பார்த்துக் கத்தோலிக்கச் சபை சும்மா இருந்ததா? இல்லை. 1885-ல் பெனிடிக்டின் சன்னியாசிகளைச் செக்கர்களிடையே வேலை செய்யப் பிள்ஸனுக்குக் கொண்டுவந்தது. 1875-லேயே ஏற்பட்டிருந்த செயிண்ட் புரோகோபியஸ் கோவில் அவர்கள் கைக்கு வந்து, அச்சுக்கூடம், தினசரிப் பத்திரிகை, பள்ளிக்கூடம் என்று எதிரிகள் செய்ததையெல்லாம் அவர்களும் செய்தார்கள். ஸ்தோத்திரம் சொல்லியே ஆட்களைத் திருப்பிவிடலாம் என்று அவர்களே நம்பவில்லை.

1910 வாக்கில் சிகாகோவில் செக் வம்சத்தார் 1,00,000 பேருக்கு மேல். பிராக், வியன்னா இவற்றுக்கு அடுத்த பெரிய செக் நகரம் சிகாகோதான் என்று பேசப்பட்டது. கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் பிள்ஸனை விட்டு லாண்டேலுக்குப் போனார்கள். அதற்குச் செக் கலிபோர்னியா என்று பெயர். அங்கிருந்து சிசெரோ, பெர்வின் என்று மேற்கே சென்றார்கள். சிசெரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் டெலிபோன் தொழிற்சாலை இருந்தது. 1915-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி அந்தக் கம்பெனித் தொழிலாளர்கள் உல்லாசப் பிரயாணம் போக ஏறிய ‘ஈஸ்ட்லாண்ட்’ கப்பல் சிகாகோ ஆற்றில், கரையில் கட்டியிருந்தபடியே கவிழ்ந்தது. 844 பேர் மாண்டார்கள். அதிலே 140 பேருக்கு மேல் பொஹீமியர் தேசீய இடுகாட்டில் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் யார் பாவசங்கீர்த்தனம் செய்தவர், யார் செய்யாதவர் என்ற விசாரணையில்லாமல் அவ்வளவு பேருக்கும் ஒரே சமயத்தில் குழி கிடைத்தது.

1931-ல் சிகாகோ மேயராக வந்த ஆண்டன் செர்மாக்கும் செக்கரே. கிளாட்னோ ஊரில் 1873-ல் பிறந்து, குழந்தையாக வந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, தள்ளுவண்டியில் விறகு விற்றவர். தள்ளுவண்டிக்காரன் என்று எதிர்க்கட்சிக்காரர் பரிகாசம் செய்தார். ஜனங்கள் தள்ளுவண்டிக்காரனுக்கே ஓட்டுப் போட்டார்கள். 1933 பிப்ரவரியில் மியாமியில் ரூஸ்வெல்டைக் குறிவைத்துச் சுட்ட குண்டு இவர்மேல் பட்டு மார்ச் 6-ந் தேதி இறந்தார். மேயருடைய உடலும் அந்த இடுகாட்டுக்கே போயிற்று. 22-வது தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1924-ம் வருஷத்துச் சட்டம் புதிதாக வருகிறவர்களைத் தடுத்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குச் செக் பாஷை தெரியவில்லை. அவர்களுடைய பகுத்தறிவுப் புத்தகமோ, பிரசங்கமோ எல்லாம் செக் பாஷையில். ‘ஸ்வோர்னோஸ்ட்’ 1957-ல் நின்றது. பிள்ஸனில் இன்று பெரும்பாலும் மெக்சிகோ வம்சத்தார் வசிக்கின்றார்கள். பெயர் மட்டும் பிள்ஸன். இடுகாட்டில் 2009-ல் பேஸ்பால் ஆட்டத்தின் பக்தர்களுக்கென்று, அவர்களுடைய மைதானத்துச் சுவரைப்போல ஒரு சுவர் கட்டி, அதில் சாம்பல் வைக்க இடம் விட்டிருக்கின்றார்கள். பந்தாட்டத்துக்கும் ஒரு பக்தி வந்துவிட்டது!

இவ்வளவையும் புகழ்ந்து எழுதிவிட்டு 1951-ம் வருஷத்தை மறைத்தால் நாம் யோக்கியர்களாக மாட்டோம். அப்போது சிசெரோ செக்கர், போலந்தியர், இத்தாலியர் முதலானோர் நிறைந்த வெள்ளையர் ஊர். பஸ் ஓட்டிப் பிழைத்த ஹார்வே கிளார்க் என்ற நீக்ரோ வாலிபர் தம் மனைவி மக்களோடு அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பேசினார். முதலில் போலீசாரே அவரை அடித்துத் துரத்தினார்கள். கோர்ட்டு உத்தரவு பெற்று ஜூலை மாதம் சாமான்களைக் கொண்டுவந்து வைத்தார். உடனே சுமார் 4,000 பேர் திரண்டார்கள். ஜன்னல்களை உடைத்தார்கள், சாமான்களை வெளியே வீசிக் கொளுத்தினார்கள், அந்தக் கட்டிடத்தில் குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் ஓட வேண்டியதாயிற்று. கவர்னர் பட்டாளத்தை அனுப்பித்தான் அடக்க முடிந்தது.

கல்லெறிந்தவர்களில் செக்கர் எத்தனை, அவர்களில் கோவிலுக்குப் போகிறவன் எத்தனை, போகாதவன் எத்தனை என்று நாம் பிரித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் இதைக் கேட்கின்றோம்: பிணத்துக்குக் குழி மறுத்த பாதிரியாரை எதிர்த்து இடுகாடு கண்ட ஒரு சமூகத்தார் பெருவாரியாக வாழ்ந்த ஊரில், உயிருள்ள மனிதனுக்கு வீடு மறுத்த கூட்டம் எப்படிக் கூடிற்று? இவர்களுடைய சங்கம், பள்ளிக்கூடம், சகாய நிதி எல்லாம் செக்கனுக்குச் செக்கன் என்ற வேலிக்குள் கட்டப்பட்டவை. பாதிரியாரை வெளியே தள்ளின அந்த வேலி, அடுத்த தெருவில் கறுப்பு மனிதன் வரும்போது ஜாதி வேலியாக நின்றது. மதத்தை விட்டவனிடத்தில் ஜாதி தானாகவே போய்விடும் என்று நம்மவர்களில் சிலர் மேடையில் பேசும்போது நமக்குச் சிசெரோ ஞாபகம் வருகின்றது.

அந்த ஜில்லாவின் ஜூரிகள் அதற்குப் பிறகு குற்றம் சாட்டியது யார்மேல் தெரியுமா? கல்லெறிந்தவர்கள்மேல் அல்ல. வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி, கிளார்க்குக்காக வாதாடிய வக்கீல் முதலியவர்கள்மேல். நீக்ரோவைக் குடிவைத்து அக்கம்பக்கத்து வீடுகளின் விலையைக் குறைக்கச் சதி செய்தார்களாம்! அந்தக் குற்றச்சாட்டு பின்னால் கைவிடப்பட்டது. மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகுதான் போலீஸ் தலைவர்மேல் வழக்கு வந்து தண்டனையும் கிடைத்தது. கிளார்க் குடும்பம் சிசெரோவில் குடியேறவே இல்லை.