ஒரு காப்பி கொடுத்தீங்களா?



காசி போய் வந்தீங்களே டீச்சர், படமெல்லாம் எங்கே என்று தினம் யாராவது கேட்கிறீர்கள். 412 படம் எடுத்தேன், மகள் வாங்கிக் கொடுத்த போனில். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் கங்கை ஆரத்தி, படகு, சாமியார், மறுபடி ஆரத்தி. கூட வந்தவர்கள் போனிலும் அதே படங்கள்தான். போய் வந்ததில் மனசுக்கு நிறைவு. படத்தில்தான் நான் பார்த்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் போடவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேடு பக்கம் நடக்கப் போகிறேன். ஏலம் நடக்கும் இடத்தில் கேமரா மாட்டிய பிள்ளைகள் எப்படியும் பத்துப் பேர் நிற்பார்கள். ஐஸ் புகை, வலை, சிவந்த வானம். அழகுதான், நானும் போனைத் தூக்கினேன். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்தவள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருவனின் அம்மா. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்:

"எத்தினியோ பேர் வந்து என்னப் புடிச்சிக்கினு போறாங்க டீச்சர். ஒருத்தராச்சும் ஒரு காப்பி குடுத்தாங்களா? நீங்களாச்சும் குடுப்பீங்களா?"

அன்றைக்கு என்னால் மேலே நடக்க முடியவில்லை. காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

1994. வகுப்பு குரூப் போட்டோ. காப்பி 15 ரூபாய். காசு கொண்டுவராத ஆறு பேரை, "நீங்க அப்புறம் எடுத்துக்கலாம்" என்று வகுப்பிலேயே உட்கார வைத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. காப்பிக் கணக்கு குழம்பக்கூடாது என்று நானே செய்தது. அந்த அப்புறம் வரவே இல்லை. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் குழந்தை உளவியல் படித்தவள் நான்! அந்த ஆறு பேரில் ஒருவன் இன்றைக்கும் என் பதிவுக்கெல்லாம் முதல் ஆளாக லைக் போடுகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

நம் பகுதியைப் படம் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, பிள்ளைகள் வாளியில் அள்ளிய அந்தப் படங்கள் இல்லாவிட்டால் வெளியூரில் யார் நம்பியிருப்பார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோதும் படம்தான் பேசியது. அதெல்லாம் வேண்டும். ஆனால் வட சென்னை என்றால் புகைபோக்கி, சேறு, சினிமா ரவுடி, இவ்வளவுதானா? 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனைத் தேடி வந்து எடுப்பவர்கள்கூட தூண்களை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நடைமேடையில் கூடையோடு காத்திருப்பவர் படத்தில் ஓரமாக, பாதித் தலையோடு இருப்பார்.

பழனிக்குமார் என்று ஒரு புகைப்படக் கலைஞர். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 2022-இல் தயாநிதா சிங் பெயரில் பாரி நிறுவனம் தரும் விருதை முதலில் பெற்றவர். மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்று அவரை வளர்த்த அம்மாவைப் படமெடுத்து ஒரு கட்டுரையே வெளியிட்டார். பாருங்கள். அதில் ஐஸ் புகையும் சிவந்த வானமும் என் கண்ணில் படவில்லை, அந்த அம்மாதான் தெரிந்தார். நம் பக்கத்துப் பிள்ளைகள் மாதிரி எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் சொல்லித் தருகிறார். கலை என்றால் எங்கோ போய்த் தேட வேண்டியது என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் படங்கள் நல்ல பாடம்.

உங்களில் நிறையப் பேர் லடாக் போகிறீர்கள், துபாயிலிருந்து பாலைவனப் படம் போடுகிறீர்கள். போங்கள், பார்த்து சந்தோஷப்படுகிறேன். ஊருக்கு வந்தால் உங்கள் தெருவையும் எடுங்கள். முகத்தை எடுத்தால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு காப்பி கொடுங்கள். "வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா டீச்சர்?" என்பீர்கள். அவளிடம் இருப்பது பட்டன் போன். பிரிண்ட் போட ஒரு டீ, வடை காசுதான் ஆகிறது. அதுகூடச் செய்யாமல் கண்காட்சி, பரிசு என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

அடுத்த ஞாயிறு பிரிண்டை எடுத்துப் போனேன். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னா டீச்சர், தல கூட வாரல நானு. மின்னயே சொல்லியிருந்தா அந்தப் பச்சப் புடவையக் கட்டிக்கினு வந்திருப்பேன்" என்றாள். பச்சைப் புடவையில் இன்னொன்று எடுத்தாக வேண்டும், பாக்கி இருக்கிறது.

1994 வகுப்புப் பிள்ளைகளே, பொங்கல் லீவில் திருவொற்றியூர் வீட்டுக்கு எல்லோரும் வாருங்கள். அந்த ஆறு பேரும் கட்டாயம் வர வேண்டும், முன்வரிசை உங்களுக்குத்தான். வர முடியாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். காப்பி என் செலவு.