பதிவேட்டை மூடுவதற்கு முன்

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்த எம்மவர் பலர், காணி உறுதிகளையும் இழந்தனர். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோருமாறு கேட்டபோது, அந்த இழப்பின் பாரத்தை மீண்டும் உணர்ந்தோம். ஜூனில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது.

ஆகவே, கிராமங்களில் பணிபுரியும் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் பதிவேடுகளை 'முகில்' முறைக்கு மாற்ற விரும்பினால் நாம் அதனை எதிர்க்கவில்லை. தகவல்களைத் தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் சேமித்து, இணையம் வழியாகத் தொகுத்து ஆராயும் ஏற்பாடு இது. அலுவலகம் அழிந்தாலும் பதிவு தப்பும். எக்கிராமத்தில் எத்தனை கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும், எவ்வளவு விதைவெங்காயம் தேவை என்பவற்றை விரைவாகக் கணக்கிடலாம்.

ஆனால் அவசரம் ஆகாது. 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் தகவற் களஞ்சியம் ஊடுருவப்பட்டு, 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அந்நியர் கைக்கு எட்டின. காணாமற்போனோரும் குடும்பத்தைப் பிரிந்தோரும் அவர்களுள் அடங்குவர். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகிற் சேமிப்பகமே தாக்கப்பட்டது. தனிப்பிரதி இல்லாமையால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை.

புதிய விதையை எந்த விவசாயியும் முதலிலேயே தோட்டம் முழுவதும் நடமாட்டார். இரண்டு பாத்தியில் பார்த்த பின்பே பரப்புவார். நிறுவனங்களும் அவ்வாறே செய்யட்டும். முதலாம் போகத்தில் மழையளவு, கிணற்று நீர்மட்டம், சந்தை விலை ஆகியவற்றை மட்டும் பதியலாம். அடுத்த போகத்தில் விதை, கடன் கணக்குகளைப் பதிந்து, கையெழுத்துப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். குடும்ப, காணி விபரங்கள் கடைசியாக, உரியவரின் சம்மதத்துடன் மட்டுமே சேரவேண்டும். அவற்றை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை முன்னரே எழுதிவைக்க வேண்டும். அதன் பின்னரும் கடதாசிப் பதிவேட்டைக் கைவிடலாகாது.

இன்னுமொன்று. கணினி, பதிந்தவர்களை மட்டுமே எண்ணும். முகாமில் இல்லாது உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் குடும்பம் விடுபட்டால், அதற்கு எத்தேவையும் இல்லை என்றே கணக்குக் காட்டும். ஆதலால் ஒவ்வொரு கட்டத்திலும் பெயர்களை மட்டுமாவது கிராமக் கூட்டத்தில் வாசித்து, விடுபட்டோரைச் சேர்க்க வேண்டும்.

அன்பான விவசாயப் பெருமக்களே, விபரம் கேட்டு வருவோரிடம், "இது எங்கே போகிறது? யார் பார்ப்பார்கள்? எமக்குப் பிரதி தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்டதற்காக எவருக்கும் உதவி மறுக்கப்படலாகாது. எஞ்சியிருக்கும் உறுதியின் பிரதியொன்றை வேறோர் இடத்திலும் பாதுகாத்து வையுங்கள்.