திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர்தான். திருச்சிக்குச் சென்னை இதைவிடத் தூரம். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பும் இதைவிடத் தூரம்! இரண்டு ஊர்களுக்கும் கடிகாரம் கூட ஒன்றே. முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திருச்சியில் படிக்கும் மகனைப் பார்க்க எப்படி வந்தார்? தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்க் கொழும்பை அடைந்தார். அங்கே விமானம் ஏறி, மறுபடி வடக்கே வந்தார். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை!

ஆதியில் இப்படி இல்லை. 1947 டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோன் கம்பெனி விட்ட முதல் விமானமே, காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. பின்னர் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமாயிற்று. 2019 நவம்பரில் மறுபடி சென்னைக்கு விமானம் பறந்தது. 2020-ல் கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. திருச்சிக்கு நேர் விமானம் வந்தது 2025 மார்ச் 30-ந் தேதிதான்.

இந்த வழியில் விட்டது ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக் கூடியது. அந்தக் கணக்குப்படி 22 நிமிஷம் போதும். கால அட்டவணையிலோ சுமார் 1 மணி நேரம் போட்டார்கள். மீதி நேரம் எங்கே போயிற்று?

இதில் மோசடி ஏதும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை கணக்கு. ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. காற்றின் திசை பார்த்துச் சுற்றி வந்து இறங்க வேண்டும். தாமதத்துக்கென்றும் சில நிமிஷங்களைச் சேர்த்தே போடுகிறார்கள்.

தரையில் போகும் நேரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டுப் பிரயாணமாம், 3 மணி நேரம் முன்னதாக வர வேண்டுமாம்! சிங்கப்பூருக்குப் போகிறவர் நிற்கும் அதே வரிசையில் இவரும் நிற்க வேண்டும். இறங்கிய பிறகு இன்னொரு வரிசை. இந்தக் குறுகிய வழிக்கென்று தனி ஜன்னல் ஒன்று திறந்தால் சர்க்காருக்கு என்ன குறைந்துவிடும்?

கூட்டம் இல்லாவிட்டால் எந்தக் கம்பெனி விமானம் விடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாகப்பட்டினத்துக் கப்பலைப் பாருங்கள். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடிற்று. நாளைக்கு ஓடுமா என்று தெரியாததற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? நிற்காமல் ஓடினால்தான் கூட்டம் சேரும். அதுவரை ஏற்படும் நஷ்டத்தை இரண்டு சர்க்கார்களும் தாங்கிக்கொள்ள வேண்டும். கிராமத்துக்கு விடும் பஸ்ஸில் லாபமா பார்க்கிறோம்?

கல்யாணத்துக்கு நாள் குறித்து அழைப்பு வருகிறது. அதற்குச் சுற்றி வளைத்தும் போகலாம். சாவு அப்படி நாள் சொல்லி வருவதில்லை. காலையில் செய்தி கிடைத்தால், மாலையில் எடுப்பதற்குள் மகன் அக்கரையில் போய் நிற்க வேண்டும். 184 கிலோமீட்டர் தூரத்துக்கு அது முடியாத காரியமா?