அந்த போன் வந்தால் எடுங்கள்



செஞ்சிப் பக்கம் ரத்ததான முகாமுக்குப் பஞ்சமில்லை. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், கல்லூரி என்.எஸ்.எஸ். என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, ஒரு கல்யாண மண்டபத்தில் கட்டில்களைப் போட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகளும் தயங்காமல் போய்ப் படுக்கிறார்கள். திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் அடிபட்டவரை முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

கொடுத்து முடித்ததும் ஜூஸ், பிஸ்கட், சான்றிதழ், ஒரு செல்ஃபி. அதோடு மறந்துவிடுகிறோம். அந்த ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?

பையோடு சேர்த்துச் சின்னக் குழாய்களிலும் கொஞ்சம் ரத்தம் பிடிப்பார்களே, அதுதான் பரிசோதனைக்குப் போகிறது. ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் பார்ப்பது கட்டாயம். எதிலாவது சந்தேகம் என்றால் அந்தப் பையை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், அழித்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாடு முழுக்க ரத்த வங்கிகளில் எடுத்த கணக்குப்படி, ரத்தம் கொடுக்க வந்த 1,000 பேரில் 8 அல்லது 9 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது. ஹெபடைட்டிஸ் சி ஏறக்குறைய 3 பேருக்கு. ஹெச்.ஐ.வி. 1 அல்லது 2 பேருக்கு. ஆக, 100 பேர் கலந்துகொண்ட முகாமில் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இவர்கள் எல்லோரும் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொந்தக் காலில் நடந்து வந்தவர்கள். அந்த ஒருவருக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

செஞ்சிக்குப் பக்கத்து ஊர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். கணவர் முகாமில் ரத்தம் கொடுத்தாராம். சில வாரம் கழித்து, "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க சார்" என்று போன். அவர் போகவில்லை. அடுத்த போனை எடுக்கவே இல்லை. "எனக்குத் தெரிந்தால் என்ன நினைப்பேனோ என்று பயந்திருக்கிறார், அம்மா. பிறகு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஹெபடைட்டிஸ் பி. இப்போது மாதாமாதம் செக்கப் போகிறார். எனக்கும் பையனுக்கும் ஊசி போட்டாயிற்று" என்று முடித்திருந்தார். எத்தனை பக்குவம் பாருங்கள்! அவரை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

சாத்தூரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 30 அன்று 19 வயது இளைஞர் ஒருவர் உறவுக்காரப் பெண்ணுக்காக சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி அதே ரத்தம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோதுதான் தனக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது அந்த இளைஞருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. ரத்த வங்கிக்கே போய்ச் சொன்னார். அதற்குள் காலம் கடந்திருந்தது.

2016-இலேயே அவர் ஒருமுறை ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

அந்த ஆண்டு முடியும் முன்பே அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கர்ப்பிணிக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு நடந்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. லேப் ஊழியர்கள் மீது நடவடிக்கை, நீதிமன்றம், நஷ்டஈடு எல்லாம் நடந்தன. எனக்கு மனசு ஆறவில்லை. 2016-இல் யாராவது அந்தப் பையனை எதிரில் உட்கார வைத்து, "தம்பி, பயப்படாதே, மருந்து இருக்கு" என்று சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பித்திருக்கும்.

சொல்ல வேண்டியது ரத்த வங்கியின் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம் பங்கு என்று ஒன்று இருக்கிறதே! முகாமில் அந்தப் படிவத்தை எப்படி நிரப்புகிறோம்? முன்பு மஞ்சள் காமாலை வந்ததா, சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, ஆபரேஷன் நடந்ததா என்று அதில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். "எல்லாத்துக்கும் இல்லன்னு போடுப்பா, கூட்டம் சேருது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். போட்டுவிடுகிறோம். திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் பத்துப் பேருக்குப் பச்சை குத்துவதை நாமே பார்த்திருக்கிறோம். பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு காத்திருக்கச் சொல்வது வீண் கெடுபிடி இல்லை.

தொற்று உடம்பில் புகுந்த முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றுவது, படிவத்தில் நாம் உண்மையாகப் போடும் ஒரு டிக் மட்டும்தான்.

முகாமைவிடச் சிக்கலான இடம் ஆஸ்பத்திரி வராந்தா. "ரெண்டு யூனிட் வேணும், சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். மாமனார், மச்சான் எல்லோரும் நிற்கும்போது ஒருவர் எப்படி "நான் கொடுக்க முடியாது" என்பார்? காரணம் கேட்பார்களே! அதற்குப் பயந்தே கையை நீட்டுகிறவர்கள் உண்டு. காசுக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்தை ஒழிக்க 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 1998 ஜனவரி முதல் அது தடை செய்யப்பட்டது. பணத்துக்காகப் பொய் சொல்வது அதனால் குறைந்தது. உறவுக்காகப் பொய் சொல்ல வைப்பதை எந்தக் கோர்ட்டும் நிறுத்த முடியாது. நம் வீட்டில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்றால் ஏன் என்று துருவாமல் விட்டுவிடுவோமே. அவர் கௌரவமும் மிஞ்சும், படுத்திருப்பவரின் உயிரும் மிஞ்சும்.

சரி, போன் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், அது கடைசித் தீர்ப்பு இல்லை. ரத்த வங்கியில் செய்வது சல்லடைச் சோதனை. அதில் சந்தேகம் என்றால் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ஹெச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற ஆலோசனை, பரிசோதனை மையம் இருக்கிறது, மருந்து இலவசம், விஷயம் வெளியே போகக் கூடாது என்பதற்கு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த தனிச் சட்டமே உண்டு. ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே முழுதாகக் குணப்படுத்திவிடலாம்.

ஹெபடைட்டிஸ் பி பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் கல்லீரல் கெட்டிருக்கலாம். நம் வீடுகளில் உடனே கீழாநெல்லி அரைத்துவிடுவோம். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் லான்செட் இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் கீழாநெல்லியை ஆராய்ந்தார். ஆனால் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். சாப்பாட்டில், தொடுவதில் ஹெபடைட்டிஸ் பி பரவாது. ஷேவிங் பிளேடும் டூத் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். மனைவி, பிள்ளைகளுக்கு டெஸ்ட் எடுத்து, மூன்று தவணைத் தடுப்பூசியும் போடுங்கள். மருமகள் கர்ப்பமா? தாய்க்கு இருந்தால் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பெரியவர்களில் அப்படித் தங்குவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு.

இதைப் படித்துப் பயந்துவிடாமல், தொற்று இல்லாதவர்கள் அடுத்த முகாமில் தாராளமாகக் கொடுங்கள். ரத்தம் கொடுப்பதால் உங்களுக்கு எந்தத் தொற்றும் வராது; ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புதுப் பை. படிவத்தில் அண்ணன் நம்பரையோ மன்றத் தலைவர் நம்பரையோ போடாமல், உங்கள் கையில் இருக்கும் போன் நம்பரை எழுதுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். நீங்களே போய்க் கேட்கலாம். அப்படிப் போகும்போது அன்று தந்த டோனர் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதைக் காட்டினால் தேடுவது சுலபம். சந்தேகம் இருந்தால் 104-க்கோ, ஹெச்.ஐ.வி. பற்றி என்றால் 1097-க்கோ அழையுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்